மாமா யார்?

(ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கருங்கடலின் கிழக்குக் கரையில் ஜார்ஜியா என்று ஒரு நாடு இருக்கிறது. அதன் தலைநகர் திபிலீசியின் கடைத்தெருவில் ஒரு குழந்தை ‘மாமா’ என்று கூப்பிட்டால், திரும்பிப் பார்ப்பவர் அதன் அப்பா. அம்மாவை அந்தக் குழந்தை ‘தெதா’ என்று கூப்பிடும். உயிரொலி நம்முடையதைப்போல அவ்வளவு நீளாது. மற்றபடி அது நம் மாமாவேதான்.

இதை ஏதோ மழலை வழக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அந்த மொழியின் அடிமண்ணிலேயே அது இருக்கிறது. தந்தைவழி வந்த நிலமும் தாயகமும் அங்கே ‘மாமுலி’. சேவல் ‘மாமலி’. தேவாலயத்தில் பாதிரியாரைக் கூப்பிடுவது ‘மாமாவோ’. ‘தெதா’வோடு சேர்ந்தவை வேறு வரிசை: பூமி என்பது ‘தெதாமிட்ஸா’, தாய்மண்; தலைநகரம் ‘தெதாகலாகி’, தாய்நகரம்; தாய்மொழி ‘தெதாஎனா’. யாகோப் கோகெபாஷ்விலி 1876இல் வெளியிட்ட அரிச்சுவடிக்கும் அவர் வைத்த பெயர் தெதாஎனாதான். 1978இல் ஜார்ஜிய மொழிக்கு அரசமைப்பில் இருந்த ஆட்சிமொழித் தகுதியை எடுத்துவிடச் சோவியத் ஆட்சி முனைந்தது. ஏப்ரல் 14 அன்று திபிலீசித் தெருக்களில் மாணவர்கள் திரண்டார்கள். தகுதி நிலைத்தது. மொழிக்காகத் தெருவில் இறங்கிய பிள்ளைகளை நாமும் பார்த்திருக்கிறோம். அந்த நாள் அவர்களுக்கு என்ன என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலியில் மாமா என்றால் தாய். ஆண்டிஸ் மலையில் கெச்சுவா பேசுகிறவர்களுக்கும் தாய்தான். நிலத்தை அவர்கள் ‘பச்சமாமா’, நிலத்தாய் என்று வணங்குகிறார்கள். ஆஸ்திரேலியாவின் நடுவே, உலுரு என்னும் பெருஞ்சிவப்புப் பாறையைச் சுற்றி வாழும் பிட்ஜன்ஜாரா மக்களிடம் போனால் மறுபடியும் தந்தை. ஹவாய்த் தீவு மொழியில் ‘மம’ என்றால் மெல்லுதல். அதையே நீட்டி ‘மாமா’ என்றால் விரைவு. சமஸ்கிருதத்தில் ‘மம’ என்றால் ‘என்னுடைய’. சீனத்தில் தாய். அந்தச் சீன எழுத்தில் பெண்ணைக் குறிக்கும் வடிவுக்குப் பக்கத்தில் குதிரையைக் குறிக்கும் வடிவு நிற்கும். குதிரைக்கும் தாய்க்கும் ஓர் உறவும் இல்லை. ‘மா’ என்று ஒலிக்க வேண்டும் என்று காட்டவே குதிரை அங்கே வந்தது, ஏனென்றால் சீனத்தில் குதிரை ‘மா’. நம் பழந்தமிழிலும் குதிரைக்கு மா என்றொரு பெயர் உண்டு! இதைக் கேட்டதும் உங்களில் சிலர் நிமிர்ந்து உட்கார்வது தெரிகிறது. அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதன்முதலாகக் கொழும்பில் பேருந்தில் ஏறியபோது, பக்கத்தில் நின்ற இளைஞர் செல்பேசியில் ‘மம எனவா, மம எனவா’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ மாமா வருகிறார் என்று நானாகவே பொருள் செய்துகொண்டேன். ‘நான் வருகிறேன்’ என்பதைத்தான் அவர் சொன்னாராம். சிங்களத்தில் ‘மம’ என்றால் நான். தாய்மாமனுக்கு அங்கேயும் ‘மாமா’தான்; குறில் நெடில் வேறுபாடு ஒன்றுதான் என்னையும் என் மாமாவையும் பிரித்துவைக்கிறது. அதே தீவில் சிங்களப் பிள்ளை அப்பாவை ‘தாத்தா’ என்று கூப்பிடும். தமிழ்ப் பிள்ளைக்குத் தாத்தா அப்பாவின் அப்பா. முஸ்லிம் வீட்டுப் பிள்ளை அண்ணனை ‘நானா’ என்று கூப்பிடும். இந்திக்காரருக்கு ‘நானா’ அம்மாவின் அப்பா. தெலுங்கருக்கு ‘நான்னா’ அப்பா. ஒரே பேருந்துக்குள் இவ்வளவு குடும்பங்கள், இவ்வளவு குறைந்த ஒலிகளை வைத்துக்கொண்டு.

ஏன் இந்த ஒலிகளே எல்லாருக்கும் வாய்க்கின்றன? ஒன்றுக்கொன்று பார்த்தறியாத மக்கள் ஏன் ‘மா’வையும் ‘பா’வையும் ‘தா’வையுமே பெற்றோருக்கும் உற்றாருக்கும் எடுத்துக்கொள்கிறார்கள்?

இந்தக் கேள்வியை உட்கார்ந்து ஆராய்ந்தவர் ரோமன் யாகப்சன். 1896இல் மாஸ்கோவில் பிறந்தவர். நாஜிகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்தபோது டென்மார்க், நார்வே, சுவீடன் என்று ஒவ்வொரு நாடாகத் தப்பி ஓடி, 1941இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அந்த ஓட்டத்தின் நடுவே சுவீடனில் இருந்தபோது அவர் எழுதியது, குழந்தைகள் மொழியைப் பெறுவதையும் நோயால் பேச்சை இழந்தவர்கள் அதை இழப்பதையும் சேர்த்துப் பார்த்த ஒரு நூல். நாடு நாடாகத் தப்பி ஓடிய நாட்களில் ஒரு மனிதர் குழந்தையின் மழலையை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சைத் தொடுகிறது. பிறகு 1959இல், ‘ஏன் மாமா, பாப்பா?’ என்ற தலைப்பிலேயே ஓர் உரை நிகழ்த்தினார்.

அவருக்கு முன்னால் ஒரு கணக்கு இருந்தது. ஜார்ஜ் மர்டாக் என்னும் மானிடவியலாளர் உலக மொழிகளிலிருந்து தாயைக் குறிக்கும் 531 சொற்களையும் தந்தையைக் குறிக்கும் 541 சொற்களையும் திரட்டியிருந்தார். தாய்ச் சொற்களில் 55 விழுக்காட்டில் மூக்கொலி வந்தது. தந்தைச் சொற்களில் 15 விழுக்காட்டில்தான். அந்தப் பதினைந்துக்குள் அடங்குகிறவர்களே ஜார்ஜியரும் பிட்ஜன்ஜாராக்களும்.

இப்போது நீங்கள் எல்லாரும் ஒரு நிமிடம் உதடுகளை மூடிக்கொள்ளுங்கள். திறக்காமல் குரல் எழுப்புங்கள். என்ன வருகிறது? ‘ம்ம்ம்’. வேறொன்றும் வராது. ப், ம் இரண்டும் இதழோடு இதழ் பொருந்திப் பிறப்பவை என்றும், மெல்லெழுத்துக்கு மூக்கின் வழிக் காற்று வேண்டும் என்றும் தொல்காப்பியப் பிறப்பியல் சொல்லியிருக்கிறது. பால் குடிக்கும் பிள்ளையின் வாய் அடைபட்டிருக்கிறது. குரல் மூக்கு வழியாகத்தான் வர முடியும். பால் குடிக்கும்போது வந்த அந்த முனகலே, பிறகு பாலைப் பார்த்ததும் வருகிறது; அப்புறம் பால் வேண்டும் என்று கேட்க வருகிறது; கடைசியில் பால் தருகிறவளுக்குப் பெயராகிறது. யாகப்சன் சொன்னது இதுதான்.

என் பேத்திக்குப் பத்து மாதம் இருக்கும். மருமகளின் தம்பி ஊரிலிருந்து வந்திருந்தான். கிண்ணத்தில் பருப்புச் சாதத்தை நெய்விட்டுக் குழையப் பிசைந்து, ஒரு விரலால் எடுத்து மருமகள் ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாய்க்கு விரல் வரக் கொஞ்சம் தாமதம். பிள்ளை கிண்ணத்தைப் பார்த்து ‘மாம்மா’ என்றது. “அக்கா, என்னைத்தான் கூப்பிடுறா, பாரு!” என்று தம்பி எழுந்தே விட்டான். “மாமாவா? மாமா சொன்னியாடி செல்லம்?” என்று அவள் கொஞ்ச, வீடு முழுக்க அதையே சொல்ல ஆரம்பித்தோம். பிள்ளையின் கண் கிண்ணத்தை விட்டு நகரவே இல்லை. ஆனால் அன்று மாலைக்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது, அந்த ஒலியை எழுப்பினால் இந்த ஆள் ஓடி வருவான் என்று. இதே கிண்ணமும் இதே ஒலியும் திபிலீசியில் நிகழ்ந்திருந்தால் எழுந்து நின்றிருப்பவர் அப்பா. ஒலி பிள்ளையுடையது. பொருள், சுற்றி நின்ற நாங்கள் கொடுத்தது.

நம்மிடம் இதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. பெரியாழ்வார் திருமொழியில், கண்ணன் யார் என்று அறிந்துகொண்ட யசோதை அவனுக்குப் பாலூட்டவே அஞ்சுகிறாள். அங்கே ஆழ்வார் ஆளும் சொல் ‘அம்மம்’. தாயின் மார்பு, தாய்ப்பால், குழந்தையின் உணவு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல். ‘பிள்ளைக்கு மம்மம் குடுத்தாச்சா?’ என்று இன்றும் கேட்கிறோமே, அதன் மூத்த வடிவம். லத்தீனில் மார்புக்கு ‘மம்மா’ என்று பெயர். 1758இல் லின்னேயஸ் பாலூட்டிகளுக்கு ‘மம்மாலியா’ என்று பெயரிட்டது அதிலிருந்துதான். ஜப்பானியப் பிள்ளைகளும் சோற்றை ‘மம்மா’ என்கிறார்கள். லத்தீனிலிருந்து ஆழ்வாருக்கோ ஆழ்வாரிடமிருந்து ஜப்பானுக்கோ இந்தச் சொல் பயணம் போகவில்லை. போக வேண்டிய தேவையும் இல்லை; ஒவ்வொரு தொட்டிலிலும் அது தானாகப் பிறக்கிறது.

ஜப்பான் என்றதும் ஒரு விடுகதை நினைவுக்கு வருகிறது. 1516இல் தொகுக்கப்பட்ட விடுகதைகளில் ஒன்று. தாயென்றால் இரண்டு முறை சந்திக்கும், தந்தையென்றால் ஒருமுறையும் சந்திக்காது, அது என்ன என்று கேட்கிறது. விடை: உதடு. இன்றைய ஜப்பானியத்தில் தாய் ‘ஹாஹா’, தந்தை ‘சிசி’. ஹாஹா என்னும்போது உதடு ஒட்டுவதே இல்லையே, இந்த விடை எப்படிச் சரியாகும்? அங்கேதான் விடுகதை ஆய்வாளருக்குச் சான்றாகிறது. இன்று ஹகரமாக ஒலிப்பது அன்று உதடுகள் நெருங்கி ‘ஃபா’ போல ஒலித்தது. அதற்கும் முன்னால் ‘பா’வாகவே இருந்தது. ஆக, மிகப் பழைய ஜப்பானியத்தில் ‘பாபா’ என்றால் அம்மா!

இந்த உதட்டு விளையாட்டு நம் புலவர்களுக்கும் புதிதில்லை. உதடு ஒட்டாத, குவியாத எழுத்துகளை மட்டுமே வைத்துப் பாடுவதை நிரோட்டகம் என்பார்கள். சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் முருகன்மேல் அப்படி ஓர் அந்தாதியே பாடியிருக்கிறார். அந்த அந்தாதிக்குள் தாயும் தந்தையும் வரலாம். அம்மாவும் அப்பாவும் வர முடியாது.

இப்போது அந்த நிமிர்ந்து உட்கார்ந்தவர்களிடம் வருகிறேன்.

கொரியத் தொடர்கள் பார்க்கும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். ‘அங்கேயும் அப்பாவை அப்பான்னுதான் சொல்றாங்க, அம்மாவை ஒம்மான்னு சொல்றாங்க, அப்ப அவங்க நம்ம ஆளுங்கதானே?’ என்று கேட்கிறார்கள். கேள்வியில் இருக்கும் மகிழ்ச்சி எனக்கும் பிடிக்கும். இது இன்று முளைத்த கருத்தும் இல்லை. கொரியாவில் வாழ்ந்த ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் ஒப்பிலக்கணம் எழுதி வெளியிட்டார். ஆனால் மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. அப்பாவும் அம்மாவும் இந்த வழக்கில் சாட்சி சொல்ல முடியாது. அவர்கள் எல்லா மொழியிலும் பிறக்கிறவர்கள். அவர்களை வைத்து உறவு பேசினால் உலகத்தில் உறவில்லாத மொழியே இருக்காது.

மொழிக்கு மொழி உறவு என்பது ஒலி ஒத்திருப்பதில் இல்லை. மாறுவதில் ஓர் ஒழுங்கு இருப்பதில் இருக்கிறது. பால் கன்னடத்தில் ஹாலு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. பல், ஹல்லு. காதுக்கு விலகி ஒலித்தாலும் வரிசையாக ஒரே மாதிரி விலகுகின்றன; ஏறக்குறைய பத்தாம் நூற்றாண்டு தொடங்கிக் கன்னடத்தில் சொல்முதல் பகரம் ஹகரமாக மாறிய கதை அது. இதுதான் இரத்த உறவு. அந்த மாற்றத்திலும் மாறாத ஒன்றைக் கவனியுங்கள். கன்னட வீடுகளில் குழந்தை ‘பாப்பு’தான், ‘ஹாப்பு’ ஆகவில்லை. மொழியின் விதி தொட்டில்வரை எட்டவில்லை. ஒவ்வொரு தலைமுறைப் பிள்ளையும் அந்த ஒலியைப் புதிதாகச் செய்து கொடுத்துவிடுகிறது.

மாறாக, ஒரே மாதிரி ஒலிப்பவை எப்படி ஏமாற்றும் என்பதற்கு எட்டு என்ற எண்ணைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘எய்ட்’. இந்தியில் ‘ஆட்’. காதுக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆனால் எண்பது, எண்ணூறு, எண்திசை என்று சொல்கிறோமே, அங்கே நம் எட்டின் உண்மையான வேர் தெரிகிறது: ‘எண்’. கன்னடத்தில் அது இன்றும் ‘எண்டு’, மூக்கொலி போகவில்லை. தமிழில் அது டகரத்தோடு கலந்து எட்டாயிற்று. ஆங்கில எட்டின் வழி வேறு. லத்தீன் ‘ஆக்டோ’, சமஸ்கிருத ‘அஷ்ட’, ஜெர்மன் ‘ஆக்ட்’ அதன் உடன்பிறப்புகள். நடுவே இருந்த ககர ஒலி தேய்ந்து போனதன் அடையாளம்தான், இன்று ஆங்கிலத்தில் எழுதி, சொல்லாமல் விடும் அந்த இரண்டு எழுத்துகள். ஒன்று மூக்கொலியைத் தொலைத்தது, மற்றது ககரத்தைத் தொலைத்தது. இரண்டும் தேய்ந்த பிறகுதான் ஒன்றுபோல ஆயின. ஆயிரம் ஆண்டு பின்னோக்கிப் போகப் போக, இவை விலகிக்கொண்டே போகும்.

ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் வடக்கே ம்பாபரம் என்றொரு மொழி இருந்தது. அதைப் பதிவு செய்ய 1960களில் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் போனபோது, கடைசியாக அதை அறிந்திருந்தவர்களில் ஒருவரிடம் நாய்க்கு என்ன சொல் என்று கேட்டார். வந்த விடை ‘டாக்’. ஆங்கிலத்திலிருந்து வாங்கியது என்றே அவர் முதலில் நினைத்தார். பக்கத்து மொழியான யிடினியில் நாய் ‘குடகா’. ம்பாபரத்தில் முதலசை உதிர்ந்து, கடைசி உயிர் உதிர்ந்து, நடு உயிர் ஒகரமாகி நின்றது அந்தச் சொல். மற்ற சொற்களிலும் அதே மாற்றங்கள். ஆங்கிலம் அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சீனக் குதிரைக்கும் நம் மாவுக்கும் இந்தச் சோதனையைத்தான் வைக்க வேண்டும். ஓரசைச் சொல் ஒன்று ஒத்திருந்தால் போதாது. வரிசையாக மாற்றம் காட்ட வேண்டும். காட்ட முடியாதவரை அது தற்செயல். தமிழின் பழமைக்கும் பெருமைக்கும் இந்தத் தற்செயல்கள் ஒன்றையும் கூட்டுவதில்லை. கட்டுமரம் உலகெங்கும் ‘கேட்டமரான்’ என்று மிதப்பதும், இஞ்சிவேர் பாலி, கிரேக்கம் வழியாக ‘ஜிஞ்சர்’ ஆனதும் தடம் காட்டி நிறுவக்கூடிய உண்மைகள். அவை இருக்கும்போது அப்பாவைக் கொரியாவுக்கு அனுப்பிச் சான்று கேட்பானேன்?

எது நம்முடையது என்று கேட்டால், நாம் அந்த ஒலிக்குக் கொடுத்த பொருள் நம்முடையது. மலையாளத்தில் தாயுடன் பிறந்தவர் ‘அம்மாவன்’. தமிழிலும் ‘அம்மான்’ என்ற பழைய வழக்கு உண்டு. பெயருக்குள்ளேயே அம்மா இருக்கிறாள். வடநாட்டிலும் மாமா தாய்மாமன்தான். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியிலும் அதற்கு இடமுண்டு, டர்னரின் இந்தோ-ஆரிய அகராதியிலும் இடமுண்டு. யார் யாரிடம் வாங்கினார்கள் என்பதைவிட, அந்தச் சொல்லை நாம் எவ்வளவு வேலை வாங்கியிருக்கிறோம் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அம்மாவின் உடன்பிறந்தவர் மாமா. அத்தையின் கணவர் மாமா. மனைவியின் தந்தை மாமா, கணவனின் தந்தையும் மாமா. பல ஊர்களில் மனைவி கணவனையே ‘மாமா’ என்று கூப்பிடுகிறாள். இது சொல் பஞ்சத்தால் வந்ததில்லை. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமுள்ள சமூகத்தில் இவர்கள் எல்லாரும் ஒரே ஆளாகவே இருக்கக்கூடியவர்கள். அப்பாவின் சகோதரர்கள் பெரியப்பா, சித்தப்பா; அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தங்கை; அங்கே பெண் எடுக்க முடியாது. மாமா என்று ஒருவரைக் கூப்பிட்ட உடனே, அந்த வீட்டில் பெண் கேட்கலாம் என்பதும் சேர்ந்தே சொல்லப்பட்டுவிடுகிறது. பிட்ஜன்ஜாராவிலும் தந்தையின் சகோதரர்கள் எல்லாரும் ‘மாமா’, அதாவது அப்பா. தாயின் சகோதரருக்கு மட்டும் ‘கமுரு’ என்று தனிப்பெயர். ஒலி நேர்மாறாக நிற்கிறது, பிரித்துப் பார்க்கும் கண் ஒன்றாக இருக்கிறது!

லூயிஸ் ஹென்றி மார்கன் என்னும் அமெரிக்கர் இந்த உறவுமுறையைப் பார்த்து வியந்தார். நியூயார்க் பக்கம் செனிகா இந்தியர்களிடம் தாம் கண்ட முறையும், தமிழ்நாட்டில் இருந்த பாதிரியார்கள் வழியே கிடைத்த தமிழ் உறவுப்பெயர்ப் பட்டியலும் அத்தனை நெருங்கி நின்றன. 1871இல் வெளியிட்ட பெருநூலில், அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கே அதைச் சான்றாக்கினார். கொரிய அப்பாவைக் கேட்டு நம் பிள்ளை சொல்வதும் ஏறக்குறைய இதேதான். மார்கனின் சான்று நிற்கவில்லை. ஆனால் அந்தப் பிழையின் வழியாகத்தான் உறவுமுறை ஆய்வு என்ற துறையே பிறந்தது. தமிழ் மாமா அதன் தொடக்கத்திலேயே இருக்கிறார்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். பெரியாழ்வார் பாடலில் ஏறியதால் அம்மம் நமக்குக் கிடைத்தது. ஏறாமல் போனவை எத்தனையோ. என் வீட்டில் பால் ‘பாச்சி’. அடுத்த வீட்டில் ‘இங்கா’. சோறு ஓரிடத்தில் ‘மம்மம்’, ஓரிடத்தில் ‘புவா’. தூங்கவைப்பதற்கும் சாமி கும்பிடுவதற்கும் சூடு என்று எச்சரிப்பதற்கும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு தனித்தனிச் சொல். ஆங்கில நர்சரிக்குப் போகும் பிள்ளையோடு இவை ஒரே தலைமுறையில் போய்விடும். நூலகர் மேசையில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். உங்கள் பாட்டியிடம், அம்மாவிடம் கேளுங்கள். சொல், அதன் பொருள், எந்த ஊர், சொன்னவருக்கு என்ன வயது, இந்த நான்கும் போதும். முதல் பக்கத்தில் என் பேத்தியின் ‘மாம்மா’வை எழுதியிருக்கிறேன். பொருள் என்ற இடத்தில் ‘பருப்புச் சாதம்’ என்று போட்டிருக்கிறேன்; என் மருமகளின் தம்பி அதை அடித்துவிட்டு ‘மாமா’ என்று திருத்தியிருக்கிறான். இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன்.